மீன்தொட்டி மோட்டாரின் சத்தம்

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் இரண்டு தங்கமீன்கள் இருக்கின்றன. தொட்டியை வாங்கியது மீனுக்காக இல்லை, அதன் மோட்டார் சத்தத்துக்காக. தண்ணீரை உறிஞ்சி, பஞ்சு வழியாக வடிகட்டி, குமிழ் குமிழாக வெளியே விடும் அந்தச் சின்ன பில்டர் நாள் முழுக்கக் களகளவென்று பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு என் மனைவிக்கு வேண்டியிருந்தது.

அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருடம் திரி வைக்கும் வேலை பார்த்தவள். ஒருநாள் அடுத்த ரூம் வெடித்தது. இவள் மேல் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டு, இரண்டு நாள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிறகு தெளிந்துவிட்டது. காதில் குறை எதுவும் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பயம் மட்டும் போகவில்லை. வீடு கொஞ்சம் அமைதியானால் போதும், மறுபடி காது போய்விட்டதோ என்று காதோரம் விரலைச் சொடுக்கிப் பார்ப்பாள். உலை கொதிக்கும்போது, தலை வாரும்போது, என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு சொடுக்கு.

ஒரு தடவை, தொட்டி மோட்டார்கள் களகளவென்று ஓடிக்கொண்டிருந்த ஒரு வளர்ப்பு மீன்கடை வாசலில் அரை மணி நேரம் நின்றாள், ஒரு சொடுக்குகூட இல்லை. அன்றைக்கே தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பக்கத்தில் பாயைப் போட்டு மத்தியானம் தூங்க ஆரம்பித்தாள்.

இந்தக் கோடையில் அந்தச் சத்தம் கம்மிப்போனது. இரண்டு நாளிலேயே அவள் தூக்கத்தில் புரள ஆரம்பித்தாள். விரலும் பழையபடி காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து பில்டரைக் கழற்றிப் பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்தவன் அப்படியே போட்டுவிட்டேன். பஞ்சு முழுக்கக் கறுத்த சேறு. அதற்குள் வெள்ளை நூல் நூலாகப் புழு. நடுநடுவே சிவப்பாக வேறு சில நெளிந்தன. அச்சாபீசில் மை பூசிய கைதான் என்னுடையது, அழுக்குக்குக் கூசாது. புழு வேறு விஷயம்.

பிளீச்சிங் பவுடர் போடட்டுமா என்று மீன்கடைக்காரருக்குப் போன் போட்டேன். மீனைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்தினார். தண்ணீர் எப்போது மாற்றியது என்று கேட்டார். மாற்றியதே இல்லை என்றேன்.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் டிரம், அண்டா, குடம், சொம்பு வரைக்கும் பிடித்து வைப்போம். அரிசி கழுவிய தண்ணீரையே கீழே கொட்டாத வீட்டில், தொட்டித் தண்ணீரை எப்படிக் கொட்டுவது? வற்றியதற்கு மேலே ஊற்றி நிரப்பினேன், அவ்வளவுதான். போகும்போது ஒரு சிட்டிகை, வரும்போது ஒரு சிட்டிகை என்று இரையும் போட்டேன். மிஞ்சிய இரையும் மீனின் கழிவும் அடியில் தங்கி, புழுவுக்கு நானே பந்தி போட்டிருக்கிறேன். புழு மீனை ஒன்றும் செய்யாது என்றார் கடைக்காரர். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசச் சொன்னார், மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிவிட்டு, ஒரு நாள் முன்பே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றச் சொன்னார்.

கேட்டுக்கொண்டேனே தவிர, கை போகவில்லை. வாளியில் பஞ்சைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் வந்துவிட்டாள். இந்தக் கண்ராவியைப் பார்த்தால் அந்தத் தொட்டிப் பக்கமே இனிப் படுக்கமாட்டாள் என்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாளியை மூடினேன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் எனக்கு. அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள்.

"இதுக்குப் போயா மறைச்சீக? எங்க ரூம் வாசத் தொட்டியில இது இல்லாத நாளே கெடையாது."

பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும், தீப்பிடித்தால் அணைக்க, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். நிற்கிற தண்ணீரில் புழு வைக்காமல் இருக்குமா? சனிக்கிழமை தோறும் பழைய சேலைத் துணியால் அரித்து எடுப்பது அவளுடைய வேலையாம். இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. வெடித்த நாளுக்குப் பிறகு கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதும் இல்லை.

சேலையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து பஞ்சைப் பிழிந்தாள். சிவப்புப் புழுக்களைக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்தாள், மீனுக்கு விருந்தாம். என்னைத் தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டச் சொன்னாள். நான் பின்வாசல் முருங்கை மரத்தடியில் சொம்பைப் பிடித்துக்கொண்டு தயங்கினேன்.

"சும்மா ஊத்துங்க. முருங்கை குடிச்சிட்டுப் போகுது."

பிழிந்துகொண்டே பேசினாள். வேனில் போகும்போது யார் ஜன்னலோரம் உட்காருவது என்று நடந்த சண்டை. கூட வேலை பார்த்தவள் தினமும் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பு. அப்புறம் அந்த நாள். முதலில் வெள்ளையாக ஒரு வெளிச்சம், பிறகு வாசல் தொட்டித் தண்ணீர் தானாகத் துள்ளியது, எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், யார் கத்தியதும் தனக்குக் கேட்கவில்லை என்றாள். அந்தக் கருவாட்டுக் குழம்புக்காரி அன்றைக்கு அடுத்த ரூமில் இருந்தாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள், ஆனால் பஞ்சை விடவில்லை. நான் புழு வாளி என்றும் பார்க்காமல் உள்ளே கைவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பில்டரைத் தொட்டியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வழக்கமான இடத்தில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். மோட்டார் பிளக் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வீட்டில் மோட்டார் ஓடவில்லை. அவள் ஒரு தடவைகூட விரலைச் சொடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு பிளக்கைச் சொருகினேன், மீனுக்காக.