பதினோராவது கண்ணிவெடி

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் ‘தட்டு மேஸ்திரி’ என்று பெயர். தரைக்கு டைல்ஸ் போடுவது அவர் தொழில். போட்டு முடித்ததும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அடியில் சிமெண்ட் பிடிக்காமல் பொள்ளலாக இருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். எல்லா மேஸ்திரிகளும் செய்வதுதான் இது. ஆனால் வீட்டுக்காரர்கள் குடிபோய் மூன்று மாதம் ஆனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கதவைத் தட்டி, “அந்த ஓரத்து டைல்ஸ் ஒண்ணே ஒண்ணு, பாத்துட்டுப் போயிடறேங்க” என்று நிற்பவர் இவர் ஒருவர்தான். ஒரு வீட்டில் பீரோவையே நகர்த்தச் சொல்லிவிட்டார். அக்காவுக்குத் தலைகுனிவாகப் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. எதையும் காலால் அளக்கமாட்டார். சின்னக் குளியலறை என்றாலும் டேப்பை எடுத்தால்தான் அவருக்கு நம்பிக்கை. “நாலே எட்டு, இதுக்குப் போயி டேப்பா மச்சான்?” என்று நான் கேட்டால், “உன் எட்டு வேற, என் எட்டு வேற மாப்ள” என்பார். நான் ஆள் குட்டை. கேலி செய்கிறார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இருபத்திரண்டு வயதில் அவர் படையில் இருந்தார். அக்கா வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுக் கடிதம் ஒன்று தொங்கும். பம்ப் ரூம் வயலில் குண்டு மழைக்கு நடுவே பதினோரு கண்ணிவெடிகளை நட்டு எதிரியை மறித்த இருவர் என்று அதில் எழுதியிருக்கும். ஒருவர் இவர். இன்னொருவரை எல்லோரும் சுருட்டை என்று கூப்பிட்டார்களாம், தலைமுடி அப்படி. சுருட்டை அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிட்டார். மச்சான் வருஷத்துக்கு ஒருமுறை, அந்த நாளில், சுருட்டையின் அக்காவைப் போய்ப் பார்ப்பார். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்தோம்க்கா, நான் பக்கத்துலயே இருந்தேன்” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டு வருவார்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, அந்த வயலைச் சுத்தம் செய்யும் குழுவிலிருந்து போன் வந்தது. வரைபடம் கைவசம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பழைய நோட்டில், தூரமெல்லாம் எட்டுக் கணக்கில் போட்டு அவர் கைப்பட வரைந்த படம் இருந்தது, அனுப்பி வைத்தார். கூடவே ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு வெடிக்கும் எட்டு எண்ணி நடந்தவர் யார், அவர் உயரம் என்ன என்று கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் தன் பெயரையும் தன் உயரத்தையும் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் சென்று மறுபடியும் போன். பத்து எடுத்தாயிற்று, பதினோராவது கிடைக்கவில்லை, திங்கட்கிழமை நிலத்தை உரியவர்களிடம் ஒப்படைக்கிறோம் என்றார்கள்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். சாப்பாட்டு மேஜை, சுவர், என் முதுகு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டினார்.

“தம்பி, இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போ. இல்லேன்னா வீட்டை இடிச்சுத்தான் ஓய்வாரு” என்றாள் அக்கா.

சனிக்கிழமை கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு வந்ததும், அந்த ரொட்டி வேனிலேயே அவரை ஏற்றிக்கொண்டேன். ஸ்டீயரிங்கில் கை வைத்துக் கண்ணை மூடினேன். ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

“முடிஞ்சுதா? அவரு இந்நேரம் தூங்கப் போயிருப்பாரு” என்றார் மச்சான்.

வழியெல்லாம் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக வந்தார்.

“இந்த வண்டி ஓடுதா மாப்ள, நிக்குதா?”

“ஓடுதுங்க. மரமெல்லாம் பின்னாடி போகுது பாருங்க.”

“அதுங்களுக்கு அவசரமா இருக்கும்.”

அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “ஒரு பொய்யை ரொம்ப வருஷம் சொன்னா, சொல்றவனுக்கே அது நெசம் ஆயிடுமா மாப்ள?” என்றார். “ஆண்டவனுக்கு ஆகாதுங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயல் நான் நினைத்ததைவிடச் சின்னது. சுற்றிலும் சிவப்பு வெள்ளை நாடா. ஒரு மூலையில் பம்ப் ரூமின் சுவர் மட்டும் மிச்சம். மேல்கூரையில் ஒரு துண்டு, கண்ணிவெடி வைத்த பிறகு எப்போதோ குண்டு பட்டு அந்த வெடி வரிசையிலேயே பறந்து போய், கம்பி நீட்டிக்கொண்டு காங்கிரீட் பலகையாக, ஒரு முனை வரப்பில் தாங்கி, வயல் நடுவே கிடந்தது. குழுவின் தலைவி முப்பது வயதுப் பெண். எல்லோரும் மேடம் என்றார்கள். நாடாவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். நிலம் அவருடையது.

“நீங்கதான் வெச்சவரா?” என்றார் அந்த அம்மா.

“ஆமாங்கம்மா.”

“வெச்சவங்க வந்து எடுத்துட்டுப் போகட்டும்னு முப்பது வருஷமா உக்காந்திருக்கேன். இப்பதான் பஸ் கெடச்சுதாக்கும்?”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடம் படத்தைக் காட்டினார். “பத்தும் உங்க படத்துல இருக்குற எடத்துலயே இருந்துச்சு ஐயா, ஒரு சாண்கூடத் தப்பல. பதினொண்ணு மட்டும்தான் இல்ல. பம்ப் ரூம் மூலையிலேருந்து நேரா நாப்பத்தினாலு எட்டுன்னு போட்டிருக்கீங்க. அங்க ரெண்டு தடவை மெஷின் வெச்சுப் பாத்தாச்சு. அந்தக் காலத்துலயே வெடிச்சிருக்கலாம்.”

“இல்லம்மா. இருக்கு.”

“அப்ப எங்கே?”

வயலை ஒட்டி, பம்ப் ரூம் வரிசைக்குப் பக்கவாட்டில் ஒரு பத்திரமான பாதை போட்டிருந்தார்கள். அதில் போய் நின்று நடந்தார். அவர் காலால் அளந்து நான் பார்த்தது அன்றுதான். நாற்பத்துநாலாவது எட்டில் நின்றார். மேடம் ஏற்கெனவே கொடி நட்டிருந்த இடத்துக்கு நேராகத்தான் வந்தது. திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார். மூன்றாவது தடவை பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

“போதும் ஐயா, வெயில் ஏறுது” என்றார் மேடம். “திங்கக்கிழமை புல்டோசர் வந்து அந்தப் பலகையை அள்ளிடும். அதோட வேலை முடிஞ்சுது.”

“ஓட்டப்போறது என் தங்கச்சி மகன்தான்” என்றார் நிலத்துக்கார அம்மா. “அவன் கையாலதான் இந்த நிலம் தொறக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

மச்சான் கொடிக்கு இந்தப் பக்கம் கிடந்த அந்தப் பலகையைப் பார்த்தார்.

“பலகைக்கு அடியில பாத்தீங்களாம்மா?”

“அதுக்குள்ள பூரா கம்பி. மெஷின் கத்திக்கிட்டே இருக்கும், ஒண்ணும் புரியாது. உங்க படப்படி அங்க எதுவும் இல்லை. அதான் விட்டுட்டோம்.”

மச்சான் அந்தப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

“படிவத்துல பொய் எழுதிட்டேம்மா” என்றார். “பத்துக்கு நான் நடந்தேன். பதினொண்ணுக்கு நடக்கல. பக்கத்துல ஒரு குண்டு விழுந்துச்சு. எனக்குக் கால் வரல. இந்தச் செவுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். சுருட்டை திட்டல. ‘நீ எழுதுடா, நான் நடக்கறேன்’னான். எண்ணிக்கிட்டே போனான். நாப்பத்தினாலுன்னு அங்கேருந்து கத்தினான். நான் எழுதினேன். நட்டுட்டுத் திரும்பி வர்றப்ப இன்னொரு குண்டு...”

வயல் நடுவே கையைக் காட்டினார்.

“அவரு என்ன உயரம் ஐயா?” மேடம் குரலை இறக்கிக் கேட்டார்.

மச்சான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “இவன் அளவுதான். மாப்ள, நீ நட.”

அதே பத்திரமான பாதையில், பம்ப் ரூம் சுவருக்கு நேராகப் போய் நின்றேன். கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டேன். வழக்கமாக நான் நடக்கும் நடைதான், ஆனால் அன்று ஒவ்வொரு எட்டும் எனக்குப் புதிதாக இருந்தது. “சத்தமா எண்ணு மாப்ள” என்றார் பின்னாலிருந்து. எண்ணினேன். நாற்பத்துநாலில் நின்று வலப்பக்கம் பார்த்தால் நேரே அந்தக் காங்கிரீட் பலகை. கொடிக்கு இருபது அடிக்கு மேல் முன்னாலேயே.

எங்களைத் தூரமாக அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர் கவசம் மாட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்து, பலகைக்கு ஒரு பக்கமாக மண்ணைச் சுரண்டிக்கொண்டே போனார்கள். மூன்று மணி நேரம். மச்சான் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. அப்புறம் மேடம் தூரத்திலிருந்து, கிடைத்துவிட்டது என்று கையைத் தூக்கினார்.

அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மச்சானை மேலும் கீழும் பார்த்தார். “எங்க பையன் தப்பிச்சான்” என்றார். தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வேனில் ஏறியதும் இனியாவது கண் அசருவார் என்று பார்த்தேன். கதவில் தட்டிக்கொண்டே வந்தார். நாற்சந்தி வந்ததும், “இடது பக்கம் திருப்பு” என்றார்.

“நம்ம வீடு நேரா போகணும் மச்சான்.”

“தெரியும். திருப்பு.”

சுருட்டையின் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றோம். ஊரில் இருக்கும் தரையையெல்லாம் தட்டியவர், அந்தக் கதவுக்கு முன்னால் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். வேன் சத்தம் கேட்டு அந்த அக்காவே திறந்தார்.

“என்ன தம்பி, இன்னும் நாள் இருக்கே?”

மச்சான் உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுவருக்குப் பின்னால் ஒளிந்ததை, சுருட்டை தனியாகப் போனதை, வருஷா வருஷம் தான் சொன்னது பொய் என்பதை. அந்த அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு வேனுக்கே போய்விடலாம் போல இருந்தது.

“எண்ணிக்கிட்டே போனான்னு சொல்றியே” என்றார் கடைசியில். “உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுக்கா.”

“பயந்துக்கிட்டா போனான்?”

மச்சான் கையைக் கட்டிக்கொண்டார்.

“குரல் நடுங்குச்சுக்கா. எண்ணிக்கை தப்பல.”