ஏலக்காய் ஒத்துக்கொள்ளாதவள்

"தலைவலியும் வாந்தியும் ஒரே நோய்தாம்மா. இதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். வீடு திரும்பியதும் மருமகள் ஏலக்காய் தட்டிப்போட்ட டீயை நீட்டினாள். அந்த வாசனைக்கே என் நெற்றிப்பொட்டு துடிக்கத் தொடங்கியது.

ஐம்பதுகளில் போடியில் எங்கள் வீட்டின் முன்கட்டு ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கினால் அம்மாவுக்கு ஒருபக்கத் தலை தெறிக்கும், பின்னாலேயே வாந்தி. தலைவலி யார் கண்ணுக்கும் தெரியாது. வாந்திச் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

நான் பெரியவளான வருஷம் அது. குழாயடியில் ஒருத்தி, "மக சமைஞ்ச வீட்டுல ஆத்தா முழுகாம இருக்காளாக்கும்?" என்று கேட்டாள். குடம் நிரம்பும்வரை நான் தலை நிமிரவில்லை.

அப்பாவின் தங்கைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "வயித்துக்கு ஏலக்காய விட்டா மருந்து ஏது? மெல்லுங்க மதினி" என்று அம்மாவின் வாயில் திணிப்பாள். வாந்தி இன்னும் கூடும்.

அப்பா கதவைச் சாத்தினார். "ஏலக்கா யாவாரி பொண்டாட்டிக்கே ஏலக்கா ஒத்துக்கலைன்னா, எவன் நம்ம சரக்கத் தொடுவான்?"

அதன்பின் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் ஓங்கரிக்கப் பழகினாள். அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"குடிங்க அத்தை, வயித்துக்கு நல்லது" என்றாள் மருமகள்.

ஒத்துக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். சத்தம் வெளியே கேட்காதபடி குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன்.