பகவதியும் கடலுக்குள் போன மாப்பிள்ளையும்

பகவதி இன்று காலை இறந்துவிட்டாள்.

நேற்று டயாலிசிஸ் முடிந்து நல்லபடியாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். காலையில் காபியை வாங்கி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள்... அப்படியே.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. ஏன் என்று கடைசியில் தெரியும்.

இங்கே பலருக்கு அவளைத் தெரியாது. என்னோடு வேலை பார்த்தவள். கடலுக்கடியில் தானாகவே போய்வரும் ஒரு ரோபோவை நாங்கள் இரண்டு பேரும் ஓட்டுகிறோம். கடலில் உட்கார்ந்துகொண்டு அல்ல. அவள் திருநெல்வேலி டவுணில், நான் பாபநாசத்தில்.

மஞ்சள் நிறம், ஆள் நீளம், இரண்டு சின்னச் சிறகுகள். தள்ளிக்கொண்டு போக விசிறி கிடையாது. எண்ணெயை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டால் இறங்கும், வெளிப்பக்கம் இருக்கிற பைக்குத் தள்ளினால் ஏறும். போகிற வழியெல்லாம் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டே போகும்.

அவ்வப்போது மேலே வந்து செயற்கைக்கோள் வழியாக எங்களிடம் பேசும். அடுத்து எங்கே போகவேண்டும் என்று சொன்னால் மறுபடி முங்கிவிடும்.

கப்பலில் போகிற வேலை என்றுதான் பகவதி ஆசையாக இதில் சேர்ந்தாள். கொஞ்ச நாளிலேயே சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. வாரம் மூன்று முறை பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டில். அப்புறம் எங்கே கப்பல் ஏற?

சில நாள் துணைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு கையில் ரத்தக்குழாய், இன்னொரு கையில் போன். ரோபோ முங்கியதும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"இப்ப வெளிச்சம் போயிருக்கும்ளா... நீலம்கூட இருக்காது. பைய எறங்கிட்டு இருக்கும்."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"என்னத்துக்கு? சத்தமே இல்லாத எடம்ளா அது. எனக்கு சொகமா இருக்கு."

பக்கத்தில் டயாலிசிஸ் மிஷின் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் எனக்கும் கட்டில், ஜன்னல், வெளியே நிற்கிற ஆட்டோ எல்லாம் மெல்ல மேலே போவதுபோலவும் நாங்கள் மட்டும் இறங்கிக்கொண்டிருப்பது போலவும் இருக்கும். நர்ஸ் வந்து பிரஷர் பார்க்கிறவரைக்கும் நாங்கள் அங்கே இருக்கமாட்டோம்.

அலுவலகத்தில் அந்த ரோபோவுக்கு ஒரு நம்பர் உண்டு. பகவதி வைத்த பெயர் மாப்பிள்ளை.

"நெனச்சா வருவாரு, நெனச்சா போவாரு. நாமதான் வழியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். வேற என்ன பேரு வைக்க?"

ஒருநாள் சிக்னலே இல்லை. வாசலில் நின்று எனக்கு போன் பண்ணிச் சத்தமாகப் புலம்பினாள். "மாப்பிள்ள நேத்து முங்குனவருதான்ளா... இன்னும் மேல வரல!"

எதிர்வீட்டு அக்கா காதில் அது விழுந்துவிட்டது. அடுத்த கொஞ்ச நேரத்தில் தெருவே பகவதி வீட்டில். தீயணைப்புக்குச் சொல்லியாச்சா என்று ஒருவர் கேட்கிறார். ஒரு பாட்டம் அழுதே முடித்துவிட்டார்கள்.

அவள் அம்மாவுக்குக் கவலை வேறு. கல்யாணமே ஆகாத மகள். "ஏட்டி, எந்த மாப்பிள்ளட்டி? எனக்குத் தெரியாம எப்பட்டி?"

விஷயம் தெரிந்த பிறகு அம்மாவும் மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் சிக்னல் வந்ததும், "வந்துட்டாராக்கும்? ஏதும் சாப்ட்டாராமா?" என்று கேட்டார்களாம். பகவதி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இந்தத் தடவை பேட்டரி தீர்கிற நேரம். கூடங்குளம் பக்கமாகக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தோம்.

"எடுக்கப் போற வள்ளத்துல நானும் போகணும்ளா. இத்தன நாளா ஓட்டுதேன், ஒரு தடவ கூடத் தொட்டதில்ல. படத்துலதான் பாக்குதேன்."

டாக்டரிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிவிட்டாள். வெயிலுக்குத் தொப்பிகூட வாங்கி வைத்திருந்தாள்.

நாளைக்குத்தான் அந்த நாள். ஒரே ஒரு நாள்... அதுதான் என் கோபம்.

இன்று அவள் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். என்ன நேரம், என்ன கிழமை என்று எதுவும் தெரியவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. அவள் அம்மா. இன்னொரு கையில் பகவதியின் லேப்டாப்.

"அழுதது போதும்ளா. மாப்பிள்ள மேல வர்ற நேரமாச்சுல்லா? அவ இருந்தா இந்நேரம் பாத்திருப்பா. நீ பாரு."

தூக்கிவாரிப் போட்டது. மேலே வந்ததும் 'முங்காதே, அங்கேயே மிதந்துகொண்டிரு' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பழையபடி முங்கிவிடும். மறுபடி ஏறி வரப் பேட்டரி கிடையாது. இந்தப் பயணத்தைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டே பேர்தான். இரண்டு பேருமே அந்த வீட்டுக்குள்தான் இருந்தோம்.

அடுக்களையில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ரோபோ மேலே வந்து நின்றிருந்தது. கண்ணீரில் எழுத்து தெரியவில்லை... தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து அனுப்பினேன்.

பதில் வரும்வரை அவள் அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கேட்டுக்கிட்டாரா?"

"கேட்டுக்கிட்டாரும்மா. முங்கல. மெதந்துக்கிட்டு நிக்காரு."

"சரி, நிக்கட்டும்" என்றார்கள். திரும்பிப் போய் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சாயங்காலம் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

நாளைக்கு வள்ளத்தில் உன் இடத்தில் நான் உட்காருகிறேன் பகவதி. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வாந்தி எடுத்துக்கொண்டாவது போவேன். ரெண்டு கையாலும் தொடுவேன்.

போயிட்டு வாளா.