வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ்

எங்கள் டவுன்ஷிப்பில் சுவரில் ஒட்டியதுதான் வேதவாக்கு. தண்ணீர் வராது, கரண்ட் இருக்காது, மரக்கிளை வெட்டப் போகிறார்கள், எல்லாமே பிளாக் வாசலில் ஒட்டும் தாளில்தான் வரும். யார் ஒட்டினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்று நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது புதுத் தாள் ஒன்று இருந்தது. குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து விவரம் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் ஒதுக்கீடு ரத்தாம்.

என் கணவர் போன பிறகு அவருடைய வேலையை எனக்குக் கொடுத்ததால்தான் இந்த வீடு. மகள் பெங்களூரில். வீடும் போனால் எனக்கென்று என்ன இருக்கிறது? நின்ற இடத்திலேயே ஸ்கேன் செய்தேன். போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். மெசேஜில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது, அதையும் கொடுத்துத் தொலைத்தேன். படித்தவள்தான். பயத்தில் படிப்பாவது ஒன்றாவது.

சற்று நேரத்தில் என் வாட்ஸ்அப் என்னையே வெளியே தள்ளிவிட்டது. மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. எவனோ என் பெயரில் எல்லோரிடமும் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டிருக்கிறான். குறிஞ்சிப்பாடி நாத்தனார், சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் அக்கா, மாதக்கணக்கில் பேசாதவர்கள்கூடக் கூப்பிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, மோசடி என்றதும் நல்லவேளை என்று வைத்துவிட்டார்கள்.

மாடி வீட்டுக்காரர் அந்தத் தாளைக் கிழித்தெறிந்தார். இனி எந்த நோட்டீஸானாலும் ஆபீஸில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், போனுக்கு வரும் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றார். வாட்ஸ்அப்பை மீட்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பின் நம்பரும் போடவைத்தார்.

மகள் மட்டும் கூப்பிடவில்லை. நானே போன் அடித்தேன். அவள் முதல் நாள் சாயங்காலமே அவன் சொன்ன கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா பாப்பா?"

"பேச முடியாது, கூப்பிடாதன்னு நீதானேம்மா போட்டிருந்த. சரின்னு அனுப்பிட்டேன்."

சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். பணம் திரும்பி வந்தாலும் வரும். ஒரு ராத்திரி முழுக்க நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று நம்பியிருந்தவள், அம்மாவுக்கு என்ன என்று யாரிடமும் கேட்கவில்லை.