வலிக்காத புண்ணும் ‘லாங்கர்’ என்ற சொல்லும்

ஆவாரம்பட்டைச் சாறும் சுண்ணாம்பும் கலந்த நெடி, அப்பா வாசலுக்கு வருமுன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். ஆம்பூரில் தோல் பதனிடும் ‘ஷாப்பு’ ஒன்றில், பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு எடுப்பது அவர் வேலை. மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கோ அந்த வருஷம் ஆங்கில அகராதிப் பைத்தியம்.

பாடப் புத்தகத்துப் பாட்டு ஒன்றில் ‘லாங்கர்’ (languor) என்ற சொல் வந்தது. மத்தியான வெயிலில் பூந்தோட்டத்தில் ஒரு சீமாட்டி கண் செருகிக் கிடக்கிறாளே, அந்த இன்பமான சோர்வுக்குத்தான் அந்தப் பெயர் என்று உரை சொல்லிற்று. எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், வேலைவிட்டு வந்து சுவரில் சாய்ந்து கிடந்த அப்பாவிடம், உங்களுக்கு வந்திருப்பதும் லாங்கர்தான் என்றேன். அவரோடு அதே குழியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக் காதர் பாய், “இன்னா தோஸ்த், தொரைசானி வியாதியா? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும்” என்றார். அப்பாவும் சிரித்தார்; ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவர் முழங்கைக்குக் கீழே ஒரு புண் இருந்தது. நடுவில் கரி வைத்தாற்போல் கறுத்து, சுற்றிலும் வீங்கி. குழியில் இறங்குகிறவர்களில் சுண்ணாம்புப் புண் இல்லாத கை கிடையாது. விளக்கெண்ணெய் தடவுவார்கள், எரிச்சல் நின்றால் ஆறுகிறதென்று அர்த்தம். இந்தப் புண் வலிக்கவே இல்லையாதலால் நல்ல புண் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். “வலி இல்ல கண்ணு, அசதிதான் ஜாஸ்தியா கீது” என்றார் அப்பா.

மறுநாள் தோழிகளிடம் பெருமையடிக்கத்தான் பள்ளியின் பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். சீமாட்டியின் சோர்வு பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருளாம். அதற்கு முன்பு துயரம். பழைய வழக்கிலோ ஆளைப் படுக்கையில் தள்ளும் நோய்.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆங்கிலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை; அன்று வேலைக்குப் போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பாவின் புண்ணை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தாள். “எங்கப்பன் ஊட்ல அடப்பான் நோவு வந்த மாடும் இப்பிடித்தான். கத்தாது. தலயத் தொங்கப் போட்டுகினு சும்மா நிக்கும்” என்றாள். செத்த மாட்டின் தோல் எந்தக் குழிக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

“கெளம்புங்க.”

“நாளைக்குப் போலாமே.”

“நாளைக்கு நீ இருக்கணும்ல” என்றாள். அவரை அவள் ‘நீ’ என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ரயிலில் வீக்கம் தோள்வரை ஏறிவிட்டது. அவர் தலை சாயும்போதெல்லாம் நான் பிடித்து உலுக்கினேன். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகச் சோர்வு என்றுதான் முதலில் கேட்டார். மாட்டுக்கு வரும் அதே அடைப்பான்தான், இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் தம்மிடம் மருந்தில்லை என்றார்.

அப்பா பிழைத்தார். இப்போது அதே ஷாப்பில் வாயிற்காவல். அந்தக் குழியைக்கூட மூடிவிட்டார்கள். ஆனால் ‘அசதி’ என்ற சொல்லை அதன்பிறகு அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதேயில்லை. சொன்னால் அம்மா உடனே ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டிக்கு ஆள் அனுப்பிவிடுவாள் என்ற பயமோ என்னவோ. “எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்” என்று நின்றுகொண்டே சொல்கிறார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். இனி நோய் வந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.