அக்காவோடு குளிர்க்கடலில்

என் வாயிலிருந்த மூச்சுக்குழாய் திடீரென்று சீறிக் காற்றைக் கொட்டத் தொடங்கிய அந்தக் கணம் இன்னும் உடம்பில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கடலோரம் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய சரக்குக் கப்பலில் இருந்தோம். மூன்று மாடி ஆழம்தான். ஆனால் மலேசியாவில், பங்கோர் தீவுக் கடலின் வெதுவெதுப்பில் முக்குளிக்கக் கற்றவனுக்கு அந்தக் குளிர் எலும்புவரை போனது.

அழைத்துப்போனது அக்கா. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மருத்துவமனைத் தாதியாகி, ஸ்காட்லாந்திலேயே தங்கிவிட்டவர். ஊரில், ஜெலாப்பாங்கில் என்னோடிருந்த அம்மாவுக்கு அவர்மேல் மனத்தாங்கல். தொலைபேசி அழைப்புகள் நின்று, குறுஞ்செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. "பெரிய ஆளாயிட்டா லா, நம்மகிட்ட பேச நேரமில்ல" என்பார். என்னவென்று பார்த்துவரத்தான் போயிருந்தேன். வீட்டில் நான் கேட்டதற்கு அக்கா ஒட்டாமல் பதில் சொன்னார், அல்லது பேசாமலிருந்தார். அம்மா சொன்னது சரிதானோ என்று நினைத்தேன்.

நீருக்கடியில் அவர் வேறு ஆளாக இருந்தார். துருப்பிடித்த சட்டங்களில் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்த வெள்ளைக் கடற்சாமந்திகளையும், கொதிகலனுக்குள் மீசையாட்டிய கருநீலச் சிங்கி இறாலையும் விளக்கடித்துக் காட்டினார். கைகள் ஓயவேயில்லை.

அப்போதுதான் குளிரில் என் குழாய் உறைந்து சீறியது. குமிழிகளுக்குள் எதுவும் தெரியவில்லை. அக்கா என் தோள்வாரைப் பிடித்து, தன் மாற்றுக்குழாயை என் வாயில் வைத்தார். என் மூச்சு அடங்கும்வரை கண்ணைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு மெதுவாக மேலே கூட்டிவந்தார்.

கரையில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "காது போயிட்டு இருக்குடா தம்பி. வார்டு வேலையும் விட்டுட்டேன். போன்ல அம்மா பேசறது புரியல, எத்தன தடவ திருப்பிக் கேக்கறது? தண்ணிக்குக் கீழ யாரும் பேச மாட்டாங்க லா. அங்க நானும் எல்லாரையும் மாதிரி."

என் குழாய் சீறியது அவருக்குக் கேட்டிருக்காது. பார்த்துத்தான் வந்திருக்கிறார். விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை, நீயே வந்து சொல்லு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்தத் தீபாவளிக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில், எதிரே இருந்த அம்மாவிடம் குனிந்த தலையோடு எல்லாவற்றையும் சொன்னார். அம்மா அழவில்லை, கோபிக்கவுமில்லை. அக்காவின் முகத்தை நிமிர்த்தி, தன் வாய் தெரியும்படி நிதானமாகக் கேட்டார்.

"எந்தக் காது கொஞ்சம் கேக்குது?"

அக்கா இடது காதைத் தொட்டுக் காட்டினார். அம்மா எழுந்து, நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்து, இத்தனை நாள் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தார்.