கொதிக்காத ரேடியேட்டர்

"மறுபடியும் எதுக்குப்பா நிறுத்தினே?" என்று அனார்கான் எஜே கேட்டார்.

"ரேடியேட்டர் கொதிக்குது, எஜே" என்றார் டிரைவர் கல்முராத் பைகே, கதவைத் திறந்துகொண்டே. எங்கள் பக்கத்தில் அக்கா என்றால் எஜே, அண்ணன் என்றால் பைகே.

"இந்தக் கணவாயில நாய்க்கே மூக்கு உறையுது. உன் ரேடியேட்டர் மட்டும் கொதிக்குதாக்கும்?"

"பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும்."

"போன மாசம் குதிரை மாதிரி ஓடுதுன்னு பீத்திக்கிட்டே!"

பின் இருக்கையிலிருந்து யாரோ, "கொதிக்கிறப்பவே ஆட்டுக்கறியைப் போட்டு வைங்க பைகே, கொச்கோர் போறதுக்குள்ள வெந்துடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பைகே சிரிக்கவில்லை. இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், சாலையோரப் பனிக்குவியலுக்குப் பின்னால் மறைந்தார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"நாரின்ல கிளம்பி இது மூணாவது தடவை. அடுத்த வாரம் நான் மெலிஸ் வண்டியில போயிக்கிறேன்" என்றார் எஜே, அவர் காதில் விழும்படியாகவே.

"தாராளமா போங்க எஜே" என்று பைகே ஏறி உட்கார்ந்தார். "அவன் வண்டியில ஹீட்டர் கிடையாது. உங்க குருத் தயிருண்டை மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் போகலாம்."

உட்காரும்போது அவர் உதட்டைக் கடித்ததைப் பக்கத்து இருக்கையில் இருந்த நான் மட்டும் பார்த்தேன். பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி ஒரு இழைகூட வரவில்லை என்பதையும் பார்த்திருந்தேன்.

நாரினிலிருந்து பிஷ்கெக்குக்கு ஐந்து மணி நேரம். கல்முராத் பைகே இருபத்திரண்டு வருடங்களாக அந்த வழியில் ஆள் ஏற்றுகிறார். அவர் பெருமையெல்லாம் ஒன்றுதான்: வழியில் இரண்டே நிறுத்தம், கொச்கோரில் ஒரு தேநீர், பாலிக்சியில் மீன் வாங்க ஐந்து நிமிடம், பிறகு நேராகத் தலைநகரம். வழியில் நிறுத்தச் சொல்லும் ஆண்களை அவர் சும்மா விட்டதில்லை. ஒருமுறை கசிபெக் வாத்தியார் ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னபோது, "கொச்கோர்ல ஊத்தின டீயை இன்னுமா சுமந்துக்கிட்டு வர்றீங்க, வாத்தியாரே? பாலிக்சி வரைக்கும் பல்லைக் கடிங்க, ஆம்பளைதானே?" என்றார். வண்டி குலுங்கச் சிரித்தது. அதன்பின் வாத்தியார் கொச்கோரில் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ரொட்டியை மட்டும் தின்பார். ஐந்து வருடமாக அந்த வண்டியில் போய்வரும் நானும் ஒருமுறைகூட நிறுத்தச் சொன்னதில்லை. ஏழு பேர் நடுவில் அப்படி வாயைத் திறக்க எனக்கு வராது.

நான் பிஷ்கெக்கில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிறேன்; வாரக்கடைசியில் மட்டும் ஊருக்கு வருவேன். டாக்டர் லெவ் அர்காதியெவிச்சுக்கு ரஷ்ய மொழி மட்டுமே தெரியும். மலையிலிருந்து வருகிறவர்களுக்கும் ரஷ்ய மொழி தெரியும், ஆனால் போக்குவரத்துப் போலீஸிடம் பேசும் அளவுக்குத்தான். இடுப்புக்குக் கீழே உள்ளதைச் சொல்ல அது போதாது. நடுவில் நான் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி இரண்டு பக்கமும் சொல்வேன். ஆண்கள் நேராகச் சொல்வதே இல்லை. முதுகு என்பார்கள், குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தேன் என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள். டாக்டர் காத்திருப்பார். பிறகு ஒவ்வொன்றாக வரும். அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. போனால் எரிகிறது. நூல் மாதிரி வருகிறது, முடித்த பிறகும் முடியாத மாதிரி இருக்கிறது. தொடைகளுக்கு நடுவில், உட்காரும் இடத்தில், ஒரு கனமான வலி. "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு வாரத்து விஷயம்" என்று டாக்டர் சொல்வதை நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அது புராஸ்டேட் சுரப்பியின் அழற்சி.

எனவே எனக்குப் புரிந்துவிட்டது. கொச்கோரில் பைகேயும் தேநீரைத் தொடாமல் இருந்தார். இருக்கையில் ஆட்டுத்தோலை மடித்துப் போட்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து ஓட்டினார். கால் மணிக்கொருதரம் பக்கம் மாற்றினார். எரிகிறது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியதால் இன்னும் எரிகிறது. அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரிடம் சொல்வது? அவர் எங்கள் தெருக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் கல்யாணமாகாத பெண். வெள்ளிக்கிழமை ஊர் வந்ததும், அவர் மனைவியிடம் போய்ச் சொல்லலாம் என்று வாசல்வரை போனேன். அந்த அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். உப்பு இருக்கிறதா என்று கேட்டு, வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இதற்குள் வண்டி நிலையத்தில் வேறொன்று நடந்துவிட்டது. ஒருவன் கஷ்டத்தில் இருந்தால் எல்லோரும் கூடி வேலையை முடித்துக்கொடுப்பது எங்கள் வழக்கம். வீட்டுக்குக் கூரை போடுவார்கள், கிணறு தோண்டுவார்கள். கல்முராத்தின் ரேடியேட்டருக்காக அந்தச் சனிக்கிழமை ஒன்பது டிரைவர்கள் கூடினார்கள். மெலிஸ் எங்கிருந்தோ நல்ல ரேடியேட்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

"வேணாம்டா, நான் பாத்துக்கறேன்" என்று பைகே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே. தள்ளு!" மெலிஸ் பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "டேய், இது கண்ணாடி மாதிரி இருக்கு. எங்கடா கொதிச்சுது?"

"மேல ஏறும்போது மட்டும்."

"மேல ஏறும்போது உனக்குத்தான்டா மூச்சு வாங்குது. எதுக்கும் மாத்திடுவோம்."

மாற்றினார்கள். தெர்மோஸ்டாட்டையும், இரண்டு குழாய்களையும் மாற்றினார்கள். ஆட்டுக்கறி வெந்தது, எல்லோரும் தின்றார்கள். சாமான் வாங்கிக்கொண்டு அந்த வழியே வந்த நான், சரியாக ஓடிய ஒரு பொருளை இழந்துவிட்டு எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தேன். அவருக்கு இனி நிறுத்துவதற்குக் காரணமே கிடையாது.

மறுநாள் அவர் நிறுத்தவில்லை. கணவாயில் நிறுத்தவில்லை, கீழே இறங்கியும் நிறுத்தவில்லை. "பாத்தியா, புது ரேடியேட்டர்!" என்று அனார்கான் எஜே பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினார். கொச்கோரில் இறங்கியவர், தேநீர்க் கொட்டகைக்குப் பின்னால் போய், போன காரியம் ஆகாதவர் மாதிரி திரும்பி வந்தார். ஏரியைத் தாண்டும்போது அவர் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஹீட்டர் ஓடியும் பற்கள் அடித்தன. நெற்றியில் வியர்வை. ஸ்டீயரிங்கை விரல்களால் தட்டிக்கொண்டே வந்தார், நிறுத்தவே இல்லை.

பாலிக்சியில் எல்லோரும் புகைபோட்ட மீன் வாங்க இறங்கினார்கள். அவர் சுவர்ப்பக்கம் போய், வெகுநேரம் நின்று, அப்படியே திரும்பி வந்தார். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி, அவரைப் பார்க்காமல், மீன்கடையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பைகே, எரியுதா?"

"எது? எஞ்சினா?"

"எஞ்சின் இல்ல."

அவர் கதவுக் கண்ணாடியை விரலால் துடைத்தார்.

"இப்ப வரவும் மாட்டேங்குது. காய்ச்சலும் இருக்கு. நாளைக்குன்னு விடக்கூடாது பைகே. இன்னிக்கே எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. வாரத்துக்கு இருபது பேர் இதையேதான் சொல்றாங்க. நான்தான் டாக்டருக்கு எடுத்துச் சொல்றேன்."

"இருபது பேரா?" அவர் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்படிப்பட்ட ஆளுங்க?"

"பாதிப்பேர் டிரைவருங்க."

"அட நாய்ப்பசங்களா" என்றார் மெதுவாக. "ஒருத்தனும் வாயைத் திறக்கலையே."

அன்று பயணிகளை இறக்கிய கையோடு மருத்துவமனைக்கு வந்தார். டாக்டருக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை முறை. டாக்டர் கேட்டதையெல்லாம் நான் சுவரிடம் கேட்டேன். பைகே சுவரில் தொங்கிய நாட்காட்டியிடம் பதில் சொன்னார். இன்னும் ஒரு நாள் கடந்திருந்தால் விஷயம் கைமீறியிருக்கும் என்றார் டாக்டர். அன்றே குழாய் வைத்துச் சிறுநீரை இறக்கி, ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். பிறகு நான்கு வாரத்துக்கு மாத்திரை, நிறையத் தண்ணீர்.

"வண்டி ஓட்டுறதை விடணுமான்னு கேளு, தங்கச்சி."

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். விடவேண்டாம், ஒன்றரை மணிக்கொருதரம் நிறுத்தி இறங்கவேண்டும், வந்தால் அடக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் சொன்னேன். வண்டியையே விடச் சொல்லியிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் போலிருந்தது.

மே மாதம் அவர் மறுபடி ஓட்ட வந்தார். குளிர்க்காய்ச்சல் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். ஆட்டுத்தோல் இருக்கையில் இல்லை. கதவுப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. கணவாயில் பனி உருகி, சாலை ஈரமாக இருந்தது. கடைசி வரிசையில் கசிபெக் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். ஒருபக்கம் சாய்வார், கொஞ்சநேரத்தில் மறுபக்கம். பையை மடியில் வைப்பார், எடுப்பார். உதடு காய்ந்திருந்தது.

பைகேயும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு என் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி. பாலம் தாண்டினதும் ஒரு கக்கூஸ் கொட்டகை வரும். 'பைகே, வண்டியை நிறுத்துங்க, இறங்கணும்'னு சத்தமா சொல்லு. நான் நிறுத்தினா இந்தப் பசங்க மறுபடி ரேடியேட்டரைக் கழட்டிடுவானுங்க. வாத்தியாரு செத்தாலும் கேக்கமாட்டாரு, அப்படி ஆக்கி வெச்சவனே நான்தான். பொம்பளப்புள்ள நீ கேட்டா யாரும் சிரிக்கமாட்டான், எல்லாரும் சேந்து இறங்கிடுவானுங்க. சொல்றியாம்மா?"